காசிமாயனுக்கு ஊற்றிய மருந்து

பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர் ஒருவரை ஊரறியக் குடிகாரர் ஆக்குவதற்கு எத்தனை அயோக்கியர்கள் தேவைப்படுவார்கள்? சொல்லுங்கள் பார்க்கலாம். பத்துப் பேரா? ஐந்து பேரா?

ஒருவர்கூடத் தேவையில்லை. ஒரு நல்ல குடும்பம் போதும். படித்த, அன்பான, சாப்பிடும் முன் கண்ணை மூடி நன்றி சொல்கிற குடும்பம். அவர்கள் மலைக்கு ஒரு முறை சுற்றுலா போய் வந்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

காசிமாயனுக்கு நாற்பத்தாறு வயது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அப்பா நல்லகாமன் அந்தக் கொடிக்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தார். முதலில் பங்காளிகளிடம் போனது, பிறகு கடைக்காரரிடம் போனது, கடைசியில் அவருடைய ஈரலும் போனது. மிச்சமிருந்தது ஒரு மகன். அவர் வெற்றிலைக் கட்டு ஏற்றும் வண்டிகளில் ஏறி, துடைத்து, கிளீனராகி, ஓட்டுநராகி, சமயநல்லூரில் வாடகை வீடு பிடித்து, நாகஜோதியைக் கட்டிக்கொண்டு, அந்த வட்டாரத்து மிஷன் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'வேன் மாமா'.

அவரை ஒரு மகாத்மா என்று சொல்ல வரவில்லை. சாலையில் குறுக்கே வரும் பைக்குக்காரனின் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார். பாட்டை அலறவிடுவார். வம்புக்காரர். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவருக்குப் பெருமை உண்டு, அது எரிச்சலூட்டும் அளவுக்கு உண்டு: குடிக்கமாட்டார். கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் கூட்டாளிகள் ஒதுங்கும்போது இவரையும் கூப்பிடுவார்கள்.

"மாப்ள, ஒரு மடக்கு. உன் பொண்டாட்டிக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரியாது மாப்ள. எங்கப்பனுக்குத் தெரியும்ல, மேல இருந்து பாத்து, வாடா மகனேன்னு கூப்பிடுவாரு."

அதோடு விடமாட்டார். கூட்டாளிகளின் வாயை முகர்ந்து பார்த்து, எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிச் சிரிப்பார். காலையில் வண்டியை எடுக்கும் முன் உதவியாளரின் வாயையும் முகர்ந்து பார்ப்பார். "அவன் மூக்கு போலீஸ் மெஷினு" என்பார்கள். அப்பன் குடித்தே செத்தான், மகன் முகர்ந்தே பிழைக்கிறான் என்று ஊரில் கேலி. அந்தக் கேலி அவருக்குப் பட்டம் மாதிரி. வேறு சொத்து அவரிடம் இல்லை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்தக் கதையில் பறிபோனது அதுதான்.

பள்ளி விடுமுறைகளில் சங்கிலி என்பவருடைய வாடகைக் காரை ஓட்டுவார். சென்ற டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துராஜ் சார் குடும்பம் மலைக்குப் போக அந்தக் காரைக் கேட்டது. கிறிஸ்துராஜ், காசிமாயன் வேன் ஓட்டும் அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குக் கோயிலின் மது ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர். வீதி வீதியாகப் போய் ஒலிபெருக்கியில் குடியின் கேட்டைச் சொல்பவர். அவர் மனைவி ஆனிமேரியும் அங்கே ஆசிரியையாக இருந்தவர். மகன் ஸ்டீவ் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறார். மருமகள் ஷெரின், இரண்டு பேரப்பிள்ளைகள். ஆறு பேர். "நம்ம காசியையே வரச் சொல்லு. ஒழுக்கமானவன், குடிக்கமாட்டான்" என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் கிறிஸ்துராஜ்தான். இதை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிட்டார்.

வத்தலக்குண்டு தாண்டி, மலை ஏறி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு தங்கும் விடுதி. ஒரு நாள் மலையேற்றம், ஒரு நாள் வைன் ருசி பார்த்தல் என்று ஸ்டீவ் ஏற்பாடு செய்திருந்தார். குடும்பத்துக்கு மூன்று அறை. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் காசிமாயன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விடுதியாள் புரிந்துகொண்டான்.

"டிரைவருக்கெல்லாம் ரூம் கிடையாதுண்ணே. எல்லாரும் வண்டியிலதான் படுப்பாங்க."

ஸ்டீவ் திரும்பிப் பார்த்தார். "ஓகேவாண்ணே? சமாளிச்சிருவீங்கள்ல?"

"அதெல்லாம் ஓகே தம்பி."

வேறு என்ன சொல்வார்? ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும் என்கிற நிலையில் இருப்பவரிடம் சம்மதம் கேட்பதற்குப் பெயர் மரியாதை இல்லை. ஓட்டுநர்களுக்குப் படுக்க இடம் கொடுக்க வேண்டும் என்று அரசு விதியே போட்டாயிற்று. விதி கீழே கோட்டையில் இருக்கிறது, மலையில் பனி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு படுத்துக்கொண்டார்கள். காலியான மூன்றாவது அறையில் பெட்டிகளும் ஷூக்களும் கதவைச் சாத்திக்கொண்டு கதகதப்பாகத் தூங்கின. காசிமாயன் காரின் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். கண்ணாடியை முழுக்க ஏற்றினால் மூச்சு முட்டும். இறக்கினால் குளிர் அறுக்கும். ஏற்றியும் இறக்கியும் விடிந்தது.

விடிந்ததும் மலையேற்றம். வழிகாட்ட விடுதியாள் ஒருவன். அவனுக்கு ரப்பர் பூட்ஸ். ஸ்டீவுக்கும் ஷெரினுக்கும் அதற்கென்றே வாங்கிய காலணி, கையில் ஊன்றுகோல். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த காசிமாயனைக் கிறிஸ்துராஜ் கூப்பிட்டார்.

"ஏப்பா காசி, சும்மாதான இருக்க? நீயும் வாயேன். அருவி பாத்த மாதிரியும் ஆச்சு. சின்னவன் பாதியில தூக்கச் சொல்லுவான்."

சின்னவன் பாதியில் அல்ல, முதல் திருப்பத்திலேயே தூக்கச் சொன்னான். காசிமாயன் தோளில் பிள்ளை, முதுகில் தண்ணீரும் தின்பண்டமும் நிறைந்த பை, காலில் தேய்ந்த செருப்பு. சறுக்கல் பாதை. அட்டை கடித்து இரத்தம் வழிந்தது. பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "வேன் மாமா, இன்னும் வேகமாப் போங்க" என்றது. "இது கியர் இல்லாத வண்டிடா, இம்புட்டுத்தான் போகும்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான் என்று சொன்னேனே.

அருவிக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு மழைக்கோட்டு இருந்தது. தூக்கி வந்தவருக்கு இல்லை. விடுதிக்கு வந்ததும் குடும்பம் வெந்நீரில் குளித்தது. காசிமாயன் ஈரச்சட்டையைக் காரின் மேல் காயப்போட்டுவிட்டு, பனியனோடு மறுபடியும் அதே இருக்கையில் சுருண்டார். மறுநாள் காலையில் அவருக்கு உடம்பு கொதித்தது. மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. ஊரே மெச்சிய மூக்கு.

அன்று காலைதான் வைன் ருசி. அது முடிந்ததும் புறப்பட வேண்டும். வராந்தாவில் நீள மேசை போட்டு, பிளம், மல்பெரி, பேஷன் புரூட் என்று வரிசையாகப் பாட்டில்கள். விடுதிக்காரர் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார்.

"கிளாஸை இப்படிச் சுத்துங்க சார். மூக்கை உள்ள விட்டு மோந்து பாருங்க. உடனே முழுங்காதீங்க, நாக்குல உருட்டுங்க."

கிறிஸ்துராஜ் உருட்டினார். "நாக்குல நிக்குதுடா. ஆனா உங்கம்மா போடுறதுக்குக் கிட்ட வராது."

"என்னுதுல இந்தத் தடவ கிராம்பு தூக்கலாப் போச்சு" என்றார் ஆனிமேரி. தன் கைப்பெருமையை ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் அவரும் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்துமசுக்காகப் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் ஈஸ்ட்டும் போட்டு, பீங்கான் ஜாடியில் வாய் கட்டி ஊறவைத்த வைன். அதையும் மேசையில் வைத்தார்கள். ஸ்டீவ் அப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டி, எது யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் மனைவியுடையதைச் சரியாகக் கண்டுபிடித்தார். கைத்தட்டல். பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கரண்டி.

"மது ஒழிப்புத் தலைவரே, இது எத்தனையாவது கிளாஸ்?" என்றார் ஸ்டீவ்.

"டேய், வைன் வேற, மது வேற. இது பழரசம்டா. கோயில் பீடத்துல வைக்கிறது. கடைச் சரக்கோட சேத்துப் பேசாத."

இந்த இடத்தில் நிற்க வேண்டும். மதுரைச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ நல்ல கிறிஸ்தவ வீடுகளில் இந்த நம்பிக்கை இருக்கிறது. வீட்டில் போட்டது மது இல்லை. ஜாடியில் ஊறியது மது இல்லை. பாட்டி கையால் கொடுத்தது மது இல்லை. சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சாராயத்தை வெளியே விடுவதுதான் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிரின் பிழைப்பு. சாராய ஊறலில் இருந்தாலும் அதே பிழைப்பு, ஆனிமேரி டீச்சரின் ஜாடியில் இருந்தாலும் அதே பிழைப்பு. ஈஸ்ட்டுக்கு எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரியாது, யாருடைய பண்டிகை என்றும் தெரியாது. ஏழாம் வகுப்பு அறிவியல் இது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவருக்கு இது எட்டவில்லை. எட்டவில்லை என்பதுகூடப் பொய். எட்டவிடவில்லை.

காருக்குப் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்த காசிமாயனை ஆனிமேரிதான் முதலில் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னப்பா இது, அனலாக் கொதிக்குது! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தடுமம்தான் டீச்சர். கீழ இறங்குனாச் சரியாப் போகும்."

அவர் உள்ளே போய், தன் பாட்டிலிலிருந்து பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி, மிளகுத்தூளைத் தட்டிப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். இதில் கள்ளம் இல்லை. அவர் பிள்ளைக்கும் சளி பிடித்தால் அப்படித்தான் கொடுத்து வளர்த்தார்.

"ஒரே மூச்சுல குடிச்சிரு. சளிய அறுத்து எறிஞ்சிரும்."

காசிமாயன் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. "என்னது டீச்சர் இது? சாராய ஐட்டம் எதும் இல்லையே? நான் தொடமாட்டேன்னு ஒங்களுக்கே தெரியும்."

"திராட்ச ரசம்ப்பா. மருந்து."

அப்போதும் அவர் குடிக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜைப் பார்த்தார். குடியின் கேட்டை ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தானே, அவரிடம்தானே கேட்க வேண்டும்.

"குடிப்பா காசி. மது ஒழிப்புத் தலைவன் நான் சொல்றேன். இதுல ஒண்ணும் கிடையாது. எங்க வீட்டுல பச்சப்பிள்ளையே குடிக்கும்."

குடித்தார். இனிப்பாக இருந்தது, காரமாக இருந்தது, தொண்டைக்கு இதமாக இருந்தது. "இன்னொரு அர டம்ளர்" என்று ஆனிமேரி மறுபடியும் ஊற்றினார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. கொஞ்ச நேரத்தில் தலை லேசாகக் கிறுகிறுத்தது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார். போதை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதே.

பெட்டிகளை ஏற்றி, ஆறு உயிரை ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டியை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும், அப்போதும் குற்றவாளி அவர் ஒருவராகவே இருந்திருப்பார்.

மலையடிவாரத்தில் காவல்துறை சுற்றுலா வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. காசிமாயன் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஊதுவது என்றால் அவருக்குப் பெருமைதான். ஊதினார். கருவி கத்தியது.

"சார், மெஷின் கெட்டுப்போச்சு" என்றார்.

"எல்லாரும் சொல்றதுதாண்ணே. இன்னொரு தடவ ஊதுங்க."

மறுபடியும் கத்தியது. அப்போதுதான் அவருக்கு டம்ளர் நினைவுக்கு வந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜிடம் ஓடினார்.

"சார், டீச்சர் குடுத்த மருந்துதான் சார் காட்டுது. நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

சார்பு ஆய்வாளர் கார் கண்ணாடி வழியாகக் குனிந்தார். "நீங்க யாருங்கய்யா? இவருக்கு என்ன குடுத்தீங்க?"

தலைமையாசிரியராக இருந்தவர். மது ஒழிப்புக் குழுத் தலைவர். அவர் வாயிலிருந்தும் அதே பழ வாடை வந்துகொண்டிருந்தது. ஓட்டாதவரை யாரும் ஊதச் சொல்லவில்லை. அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க ரூம்ல இருந்தோம். இவன் ராத்திரி பூரா தனியா வண்டியிலதான் கிடந்தான். எங்க போனானோ, என்ன பண்ணானோ."

படித்தீர்களா? இன்னொரு முறை படியுங்கள். படுக்க இடம் கொடுக்காமல் வெளியே போட்டதையே அவருக்கு எதிரான சாட்சியாக்கினார்.

பின்னிருக்கையில் ஆனிமேரி, "என்னங்க…" என்று தொடங்கினார். கிறிஸ்துராஜ் திரும்பாமலே கையை உயர்த்தினார். அவ்வளவுதான். ஸ்டீவ் இறங்கி வந்து காசிமாயனின் காதோரம், "அண்ணே, இப்ப எதுவும் பேசாதீங்க. ஊருக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்றார். பிறகு பக்கத்து ஊரிலிருந்து வேறொரு ஓட்டுநரை வரவழைத்தார்கள், கார் புறப்பட்டுப் போனது. சின்னவன் பின்கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினான். காய்ச்சலோடு காசிமாயன் சாலையோரம் நின்றார், ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. இதில் எனக்குக் கோபம் இல்லை. இரத்தத்தில் இருந்தது இருந்ததுதான். யார் ஊற்றினார்கள் என்று பார்த்து மலை வளைவு வழிவிடாது. குடித்தவர் ஓட்டக் கூடாது என்ற விதி சரி. பள்ளி வேனை அவரிடம் மறுபடி கொடுக்கக் கூடாது என்று பள்ளி நினைத்ததும் விதிப்படி சரியாக இருக்கலாம். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்.

ஜனவரியில் பள்ளித் தாளாளர் அறையில் விசாரணை. தாளாளர் ஒரு கன்னியாஸ்திரி. கிறிஸ்துராஜும் ஆனிமேரியும் நாற்காலிகளில். காசிமாயன் நின்றார். தையல் கம்பெனியில் விடுப்புப் போட்டுவிட்டு நாகஜோதியும் வந்திருந்தார். வெளியே உட்காரச் சொன்னார்கள். "நான் கேக்கக் கூடாதது உள்ள என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

காசிமாயன் வேலை கேட்கவில்லை. "வேன் வேணாம் சிஸ்டர். விதி விதிதான். நான் குடிகாரன் இல்லன்னு ஒரு வார்த்த பெத்தவங்களுக்குச் சொல்லிருங்க. பிள்ளைகள ஏத்தி இறக்குன கை இது. அது போதும்."

தாளாளர் கிறிஸ்துராஜைப் பார்த்தார். அவர் பேசும் முன் ஆனிமேரி பேசிவிட்டார்.

"நான்தான் குடுத்தேன் சிஸ்டர். காய்ச்சலா இருந்தான்னு, நான் போட்ட வைனக் குடுத்தேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

உண்மை வெளியே வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். காசிமாயனும் அப்படித்தான் நினைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கிறிஸ்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: "குடுத்தது வாஸ்தவம்தான் சிஸ்டர். ஆனா அது வைன். வீட்டுல போட்டது. அதுல போதை கிடையாது, நம்ம எல்லாருக்கும் தெரியும். அதனால மெஷின்ல காட்டுனது அது இல்ல. இவன் வேற எதையோ குடிச்சிருக்கான். அதத்தான் நான் அன்னைக்கும் சொன்னேன்."

எப்படி இருக்கிறது தர்க்கம்? ஆதாரத்தை மறைக்கவில்லை. ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபடியே ஓர் ஆளை முழுதாகக் கொல்கிறார். என் வீட்டு வைன் புனிதமானது, ஆகவே நீ பொய்யன். அதில் போதை உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டால், இத்தனை வருடக் கிறிஸ்துமஸ்கள் என்ன ஆவது? அந்தத் தலைவர் பதவி என்ன ஆவது? பேரனுக்கு ஊட்டிய கரண்டி என்ன ஆவது? இதையெல்லாம் காப்பாற்ற ஒரு வேன் ஓட்டுநரின் பெயர் போனால் போகட்டும்.

நாகஜோதிதான் வாயைத் திறந்தார்.

"சார், ஒண்ணு செய்வமா? ஒங்க வீட்டு வைனு ஒன்றர டம்ளரு இப்பக் கொண்டாரச் சொல்லுங்க. நீங்க குடிங்க. வெறும் வயித்துல குடிங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டேசனுக்குப் போயி அந்த மெஷின்ல ஊதுவோம். கத்தலைன்னா என் புருசன் குடிகாரன்னு நானே ஊரு பூரா மைக்குப் போட்டுச் சொல்றேன்."

"இவ என்ன பேசுறா, காசி? மரியாதையா இருக்கச் சொல்லு."

"அவ கேக்குறது நியாயம்தான சார்" என்றார் காசிமாயன். "ஊதுங்க சார். ஒரு தடவ."

உலகத்தில் எந்த வழக்கையும் தீர்த்துவைக்கக்கூடிய எளிய சோதனை. ஒரு டம்ளர், ஒரு கருவி, ஒரு மூச்சு. தாளாளர் மேசையில் இருந்த காகித எடையை நகர்த்தி வைத்தார். "பெரியவர் ஒருத்தர அப்படியெல்லாம் சோதிக்க முடியாதும்மா" என்றார். சின்னவர்களைச் சோதிக்கலாம். சாலையோரம் நிறுத்தி, இரண்டு முறை ஊதவைத்து, கோர்ட்டில் நிற்கவைத்துச் சோதிக்கலாம். பெரியவர்களின் சொல்லை மட்டும் அப்படியே விழுங்க வேண்டும், நாக்கில் உருட்டக்கூட வேண்டியதில்லை.

ஆனிமேரி மறுபடியும், "அதுல போதை இருக்கத்தான செய்யும், எனக்கே தல சுத்தியிருக்கு" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவி சொன்னால் சாட்சியம் ஆகாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வீடுகளில் இருக்கிறது.

அன்று மாலையே பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் பள்ளி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. குடிபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்ட ஓட்டுநர் காசிமாயன் பணியிலிருந்து நீக்கப்பட்டார், பெற்றோர்கள் அச்சப்பட வேண்டாம் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 'நல்ல முடிவு' என்று ஒருவர். 'இத்தனை நாள் நம் பிள்ளைகளை ஒரு குடிகாரனிடமா விட்டிருந்தோம்' என்று ஒரு தாய். அவர் பிள்ளைக்கு ஒரு நாள் வலிப்பு வந்தபோது, வேனை நேராக மருத்துவமனைக்கு விட்டு, தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்தக் 'குடிகாரன்'தான். அந்தத் தாய்க்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

காசிமாயன் இப்போது பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். உரிமம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் யாரும் வண்டி கொடுப்பதில்லை. சங்கிலிகூடத் தயங்குகிறார். "எனக்கு ஒங்களத் தெரியும்ணே. வர்ற பார்ட்டி கேக்குறாங்கள்ல" என்கிறார். மார்க்கெட்டில் கேலி வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு இவர் மற்றவர்கள் வாயை முகர்ந்தார். இப்போது மற்றவர்கள் இவரைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு என்ன, திராட்சையா, பிளம்மா?" என்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குக் கோயிலின் மது ஒழிப்பு ஊர்வலம் மார்க்கெட் சாலை வழியாக வந்தது. முன்னால் ஆட்டோவில் ஒலிபெருக்கி, ஆட்டோவுக்குள் கிறிஸ்துராஜ், கையில் மைக். பின்னால் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "காசியண்ணே, ஒங்களத் திருத்த வந்துட்டாங்க, ஓடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

காசிமாயன் ஓடவில்லை. தோளில் இருந்த வெங்காய மூட்டையை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சாலையில் இறங்கி, ஊர்வலத்தில் ஒருவர் கையிலிருந்த 'குடி குடியைக் கெடுக்கும்' அட்டையைக் கேட்டு வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

கிறிஸ்துராஜ் பார்த்துவிட்டார். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "காசி, போப்பா. போயி வேலையப் பாரு" என்றார்.

"இதான் சார் என் வேல. பொறந்ததுல இருந்து இதத்தான் பாத்துட்டிருக்கேன்."

சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கிறிஸ்துராஜுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. மைக் கையில் இருந்தது. இந்த மனிதன் குடிக்காதவன், நாங்கள்தான் ஊற்றினோம் என்று ஒரே ஒரு வாக்கியம். ஒலிபெருக்கி அதைப் பரவை முழுக்கக் கொண்டுபோயிருக்கும்.

அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். தழுதழுத்த குரலில் சொன்னார்:

"அன்பான பொதுமக்களே, பாருங்கள். குடிப்பழக்கத்தால் வேலையை இழந்த சகோதரர் காசிமாயன், இன்று மனம் திருந்தி நம்மோடு நடந்து வருகிறார். அவருக்காக எல்லோரும் கை தட்டுங்கள்."

தட்டினார்கள். சாலை முழுக்கத் தட்டினார்கள். மார்க்கெட்காரர்களும் தட்டினார்கள். காசிமாயன் அட்டையை உயர்த்திய கையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஊர்வலம் அவரைத் தாண்டிப் போனது. கடைசியாக வந்த பெண்ணிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து, வெங்காய மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.

கைதட்டலால் ஒரு மனிதரை மிதிக்க முடியும் என்று அன்று பரவையில் நிரூபித்துக் காட்டினார்கள்.

கிறிஸ்துராஜ் சொல்லப்போவதில்லை. பள்ளி சொல்லப்போவதில்லை. ஸ்டீவ் பெங்களூருக்குப் போய்விட்டார். அதனால் இதை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். பெற்றோர்களின் அந்த வாட்ஸப் குழுவில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் பிள்ளையை அவர் எத்தனை மழையில் குடை பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார் என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். பிறகு போனை எடுத்து, மேலே தள்ளித் தள்ளி, ஜனவரியில் வந்த அந்தச் செய்தியைத் தேடிப் பிடியுங்கள். அதன் கீழே, உங்கள் சொந்தப் பெயரில், 'காசிமாயன் குடிகாரர் இல்லை. அவருக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் பெயரையும் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்றைக்கே எழுதுங்கள்.